கரியாக்கிப் பார்ப்பவர்

கரியாக்கிப் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்ததில்லை என்றால், உங்கள் வீட்டுச் சாமான்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன என்று அர்த்தம்.

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க, வேலையைத் துரிதப்படுத்தும் ஊக்கி ஒன்று வேண்டும். ஊரார் அதற்குப் பிளாட்டினம் போடுகிறார்கள். நம்மவருக்கோ உலோகம் என்றாலே ஆகாது; கரியே போதும் என்பார். அவருடைய ஆய்வுக்கூடத்துக்குள் நுழைபவர்கள் சாவிக்கொத்து, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைக்க வேண்டும். தன் கல்யாண மோதிரத்தையே எங்கோ கழற்றி வைத்துவிட்டு இன்றுவரை தேடுகிறார்.

எதைக் கரியாக்குவார் என்கிறீர்களா? எதைத்தான் விட்டார்? ஆரஞ்சுத் தோலில் ஆரம்பித்து, சலூனிலிருந்து மூட்டை கட்டி வந்த முடி, மகளின் மரபொம்மை, மனைவியின் சீப்பு என்று ஒவ்வொன்றையும் உலையில் போட்டு, பொடித்து, மின்முனையில் பூசி, தண்ணீரில் இறக்கி, கரண்ட் விட்டு, குமிழி வருகிறதா என்று மூக்கு இடிக்கக் குனிந்து பார்ப்பார். முதல் நாள் சுமாராக வரும். நாலாம் நாள் பொங்கிக்கொண்டு வரும். எதைப் போட்டாலும் அப்படித்தான்.

போன வாரம் மாமனாரின் கைத்தடி காணாமல் போனது.

“மாப்ள, என் தடியப் பாத்தீங்களா?”

“கவலைப்படாதீங்க மாமா. அது உலகத்துக்கே வெளிச்சம் குடுக்கப் போகுது.”

“எனக்கு பாத்ரூம் வரைக்கும் போனா போதும் மாப்ள.”

மனைவிதான் அப்பாவுக்குத் தோள் கொடுத்து அழைத்துப் போனாள், நாளுக்கு ஏழெட்டுத் தடவை.

நாலாம் நாள் கைத்தடிக் கரி எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. இவர் கட்டுரை எழுத உட்கார்ந்தார். ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும் அம்மாள் வந்து நின்றார்.

“சார், கரிக்கு எதிர்ல ஒரு கம்பி தொங்குதே, அது என்ன?”

“கரண்ட் போய் வர்றதுக்கு இன்னொரு முனை வேணும்ல? பிளாட்டினக் கம்பி. அத நாங்க கணக்குல சேக்கறதில்ல.”

“தினம் நான்தான் கழுவுறேன் சார். மெலிஞ்சுக்கிட்டே வருது. எங்க போகுதுன்னு கேட்டேன்.”

எங்கே போகும்? இம்மி இம்மியாகக் கரைந்து, கரியின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, மொத்த வேலையையும் அதுவே செய்திருக்கிறது. பேர் மட்டும் கரிக்கு. புதிதாகக் கரி பூசி, கம்பிக்குப் பதில் பென்சில் குச்சியை மாட்டிப் பார்த்தார். நாலாம் நாளும் ஒன்றிரண்டு குமிழிதான் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவர், பல வருஷம் கழித்து மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் இப்படி மெலிஞ்சுட்ட?”

“அப்பாவப் புடிங்க. நான் கொஞ்சம் உக்காரணும்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீடும் நாலு நாளாக, நாலு வருஷமாக, உங்கள் சாமர்த்தியத்தால் மட்டுமே பிரமாதமாக ஓடிக்கொண்டிருக்கிறதாமே? சந்தோஷம். எதற்கும் எதிரே இருப்பவரை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.