சைபருக்கு வராமல் சத்தம் வராது

கள்ளக்குறிச்சியில் அவரைப் போல இன்னொருவரை ஆண்டவன் படைத்திருந்தால் ஊரே அசையாமல் நின்றுபோயிருக்கும். அவ்வளவு நிதானம். மைக்செட் வைத்திருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. சைபர் என்றால்தான் தெரியும்.

மைக், டேப் எல்லா ஒயரும் வந்து சேருகிற பெட்டிக்கு மிக்சர் என்று பெயர். அதிலுள்ள குமிழ்களை ஒவ்வொன்றாகச் சைபருக்குத் திருகாமல் ஓர் ஒயரைச் சொருக மாட்டார். திருகிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில்தான் போடுவார். நிறுத்தும்போது அதைத்தான் முதலில் நிறுத்துவார்.

வெள்ளிமலையில் ஒரு கல்யாணம். தாலி கட்டி, பந்தியில் பாதிப் பேர் கை கழுவிய பிறகுதான் நாதசுர ரெக்கார்டு கேட்டது. பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார்.

“இன்னாய்யா, கல்யாணமே முடிஞ்சிபோச்சி!”

“அவசரப்பட்டு கட்டனது நீங்க. நானா கட்டச் சொன்னன்?”

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் வாரத்துக்கு ஒரு கூட்டம். பேச வந்தவர்கள் துண்டைச் சரிசெய்துகொண்டு மேடையில் நிற்பார்கள். இவர் கீழே குமிழ் எண்ணிக்கொண்டிருப்பார். கோபமெல்லாம் ஆறிப்போய்ப் பேசிய பேச்சுகள் எத்தனையோ!

ஒரு மத்தியானக் கூட்டத்துக்கு என் ஐந்து வயது மகள் செல்வியோடு போயிருந்தேன். சைபர் டீ குடிக்கப் போன நேரம். பாட்டுப் போடும் ஆசையில் கட்சிக்காரர் ஒருவர் தானே முதலில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, குமிழ்களை முழுசாகத் திருகி, அதற்குப் பிறகு டேப் ஒயரைச் சொருகினார்.

டமார்!

இரண்டு குழாய் ஸ்பீக்கரில் ஒன்று செத்தது. வெடி வைத்துவிட்டார்கள் என்று கூட்டம் சிதறியது. நெரிசலில் செல்வியின் கை நழுவிப்போயிற்று.

டீக்கடையிலிருந்து ஓடிவந்த சைபரிடம் போய் விழுந்தேன்.

“அண்ணா, பொண்ணக் காணோம்! மைக்குல கூப்புடுங்க!”

அவர் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி, எல்லா ஒயரையும் பிடுங்கிப்போட்டுவிட்டு முதல் குமிழில் கை வைத்தார்.

“ஒண்ணு...”

“அண்ணா, உசுரு போவுது!”

“மிச்சம் இருக்கறது ஒரு கொழா. அதுவும் போனா எதுல கூப்புடுவ? ரெண்டு...”

அந்நிய ஆண்கள் எதிரே தலை நிமிராத நான் அன்று கத்தினேன். “நீயெல்லாம் மனுசனாய்யா? கல்லு மாரி ஒக்காந்துகினு திருவுறியே!”

அவர் நிமிரவே இல்லை. எட்டுக் குமிழும் ஆயிற்று. ஒயர், பிறகு ஆம்ப்ளிஃபயர். மைக்கின் குமிழை மெல்ல ஏற்றிக்கொண்டே மைக்கை என் கையில் திணித்தார்.

“நீயே கூப்புடும்மா. அதுக்குத் தெரிஞ்ச கொரலு உன்துதான்.”

“செல்வி... அம்மா மேடையாண்ட இருக்கறன்டி... வாடி...”

என் குரல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனதை நானே கேட்டேன். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் ஜவுளிக்கடை பாய் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இந்தாம்மா, பொடவக் கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இருந்தா. உன் கொரல கேட்டுத்தான் வெளிய வந்தா.”

 கூப்பிட்ட நேரமெல்லாம் நான் குமிழில் இருந்த சைபரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடுகிடுவென்று நடுங்கியது. நடுங்கிய அந்தக் கையோடுதான், என் குரலைக் கொஞ்சங்கூடக் குலுங்க விடாமல் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார் அந்த மனுஷர்.