அலாரம் அண்ணனும் செத்துப்போன நட்சத்திரமும்

யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மனிதன் கை கழுவிவிட்டுத்தான் கிளம்புவான். அலாரம் அண்ணன் சாம்பார் கையோடு ஓடுவார். செத்தது நட்சத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் எல்லாருமே கம்பெனி ஆட்கள். நான் மட்டும் கீழே மெஸ்ஸில் சமையல். அண்ணனுக்கு ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் செக்கிங். பெண் பார்த்து வருகிறேன் என்று சென்னைக்குப் போனவர் தொலைநோக்கியோடு திரும்பினார்.

"வானத்தோட கோடில ஒரு நட்சத்திரம் வெடிக்கும்டா. காமா கதிர் பளிச்சுனு வந்துட்டுப் பூடும். மேல சுத்துற சாட்டிலைட் அதைப் பாத்துட்டு என் போனுக்குச் சொல்லும். மிச்ச வெளிச்சம் மங்குறதுக்குள்ள நான் இங்கேர்ந்து படம் புடிச்சு அனுப்பணும். ஆராய்ச்சி பண்றவங்க காத்துகினு இருப்பாங்க."

"சீக்கிரம் புடிண்ணா, அதுக்குக் கருமாதியே வந்துடப் போவுது," என்பான் எதிர் அறை பிரகாஷ்.

ஒன்றே ஒன்றையாவது பிடித்துவிட வேண்டும். அண்ணனுக்கு வேறு ஆசையே கிடையாது. முதல் தடவை மேகம். அடுத்த தடவை கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்கடுத்தது வந்தபோது அசந்து தூங்கிவிட்டார். வெறுத்துப்போய், போனை ஸ்பீக்கரில் மாட்டித் தீ விபத்து சைரன் சத்தத்தை வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அது அலறியது. கம்பெனியில் ஒத்திகை பார்த்துப் பார்த்து ஊறிப்போன பயல்கள்! ஒருத்தன் மெயின் சுவிட்சை இறக்கினான். மற்றவர்கள் தள்ளாமல், முட்டாமல் வரிசையாக இறங்கித் தெருவில் நின்று தலை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது.

"அண்ணன் மேல மாட்டிகினாருடா!"

மொட்டை மாடியில் அண்ணன், கரண்ட் போய் மோட்டார் நின்றதால் அசைய மறுத்த தொலைநோக்கியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். நாலு பேராகத் தூக்கினோம். கால் பக்கம் நான்.

"வுடுங்கடா! மங்கிப் பூடும்டா!"

"பொருள் போனா போவுதுண்ணா, உசுருதான் முக்கியம்!"

தெருவில் இறக்கினோம். தீ எதுவும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அண்ணன் திட்டக்கூட இல்லை. "அந்த வெளிச்சம் எத்தினியோ கோடி வருசமா வந்துகினு இருந்துச்சுடா," என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மழைக்காலம் முடிந்து மறுபடி சைரன். இந்தத் தடவை யாரும் இறங்கவில்லை. அறை அறையாக விளக்கணைத்தோம். பிரகாஷ் பக்கத்து வீட்டிலும் போய்க் கெஞ்சினான். மெயினை ஒருத்தரும் தொடவில்லை. மாடியில் இருமக்கூடப் பயந்து நின்றோம்.

கடைசியில் அண்ணன் லேப்டாப்பைத் திருப்பினார். கறுப்பில் கோலப்பொடி சிந்தியதுபோல் புள்ளிகள். ஒன்றைத் தொட்டு, "இதான்," என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. பிரகாஷுக்கும் தெரியவில்லை என்பது அவன் முழித்த முழியிலேயே தெரிந்தது.

"சூப்பரா தெரியுதுண்ணா," என்றான்.

அண்ணன் அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டினார். இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று எல்லாரும் சொன்னோம்.