மணல் கன்னிக்கு ஒரு பெயர்ப்பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் உடையப்பன் அய்யா அவர்களுக்கு,

துபாய் கராமாவிலிருந்து சுகந்தி, வணக்கத்துடன். நான் நலம். நீங்களும் நம் இதழும் அச்சகத்தாரின் கோபத்துக்குத் தப்பி நலமாயிருக்க வேண்டும். இங்கு நடக்கும் கலை இலக்கிய விழாவுக்கு என்னை அனுப்பும்போது, "யாரோடயும் மல்லுக்கு நிக்காதம்மா" என்றீர்கள். நிற்கவில்லை. கதையும் வாசிக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் கடல் தாண்டினேன். காரணத்தை நீங்கள் என்னிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

வந்த அன்றே தொடங்கியது. நிகழ்ச்சி நிரலில் என் கதையைச் 'சடங்கு' என்ற பகுதியில் போட்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரியும், அது செங்கல்பட்டில் ஒரு பெண் வாடகை வீடு தேடும் கதை. அதில் வரும் ஒரே சடங்கு, வீட்டுக்காரர் சாதி கேட்பது. "இருளர் ரைட்டர்னா கேட்டகரி அப்படித்தான் அக்கா வரும்" என்றாள் நஜீஹா. அரங்கப் பொறுப்பாளர். கீழக்கரைக் குடும்பம், துபாயிலேயே வளர்ந்தவள். நல்லவள். அதுதான் சிக்கல்.

மறுநாள் மாசிமகம். எங்கள் சனம் மொத்தமும் மாமல்லபுரக் கடற்கரையில். எனக்கு இங்கே துபாயின் மம்சார் கடற்கரை. எனக்கு இடம் கொடுத்திருக்கும் லீமா அக்கா, குமரிக் கடற்கரைக்காரர், நர்ஸ், டியூட்டி முடித்த கையோடு கூட வந்தார். ஈர மணலில் எங்கள் குலதெய்வம் ஏழு கன்னிமாருக்கு ஏழு படிக்கட்டு பிடித்தேன். பூ. வெற்றிலை. கற்பூரம் ஏற்றப் பயந்து கைபேசி வெளிச்சம். கன்னிமார் பொறுத்துக்கொண்டார்கள். காவலாளி பொறுக்கவில்லை. "யே க்யா ஹை?" இது என்ன என்று இந்தியில் அதட்டினார். "பச்சா கேல்தா ஹை, பாய்" என்றார் அக்கா. எந்தக் குழந்தை விளையாடுகிறது என்று காவலாளி சுற்றிலும் தேடினார். அக்கா என்னைக் காட்டினார். நான் முனைவர் பட்ட ஆய்வாளர் அய்யா.

அம்மா பார்க்கட்டும் என்று படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன். நஜீஹாவும் பார்த்தாள்.

"அக்கா, செம இன்ஸ்டலேஷன்! ஹால்ல வெச்சிரலாம். மணல் லாரில வரும். கண்ணாடி பாக்ஸ், லைட்டிங், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"அது சாமி, நஜீஹா."

"வாவ்! அதையே லேபிள்ல போட்டுரலாம்."

அலை வந்து எடுத்துக்கொண்டால்தான் எங்கள் வீட்டில் பூசை முடிந்ததாகக் கணக்கு என்றேன். அலையைப் புரொஜெக்டரில் போடலாம் என்றாள். மேலிடத்தில் கேட்டுவந்து முடிவு சொன்னாள்: மணல் படி அரங்குக்கு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கதை வாசிக்கலாம். வராவிட்டால் நேரமில்லை.

ஆக, என் கதை சடங்கு. என் சடங்கு கலை. நான் எழுதியதை எழுத்து என்று சொல்ல அங்கே ஆளில்லை.

மாட்டேன் என்றேன். ஒரே சொல். லீமா அக்காவுக்குத்தான் ஆத்திரம். "ஏன் மக்ளே, எங்க மாதாவ லாரில ஏத்தி எக்சிபிஷனுக்கு அனுப்புவமா? கலாஸ், முடிஞ்சுது, போவட்டும். நீ எனக்கு வாசி." வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் குறட்டை. அதுவும் விமர்சனம்தான்.

சர்வதேசம் என்பது நாங்கள் போய்ப் பார்க்கப்படும் இடம் என்றால் எனக்கு வேண்டாம். நானும் பார்ப்பேன். பார்த்ததை எழுதுவேன். அடுத்த இதழில் என் பெயருக்குக் கீழே 'மண்ணின் குரல்' என்று போடாதீர்கள். குரல் என்னுடையது.

ஏழு கன்னிமாரும் உங்களையும், சந்தாவைப் புதுப்பித்த அந்தச் சிலரையும் காக்கட்டும்.

பணிவுள்ள,
ம. சுகந்தி

பி.கு.: மல்லுக்கு நிற்கவில்லை, வாசிக்கவில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். இன்று காலை அரங்குக்குப் போனேன். என் படத்தைப் பார்த்து அவர்களே ஏழு படி கட்டியிருந்தார்கள். கண்ணாடி இன்னும் வரவில்லை. பெயர்ப்பலகை வந்துவிட்டது: 'பெயர் அறியாக் கலைஞர்'. குடிதண்ணீர் கேனைத் தூக்கி ஊற்றினேன். படிகள் கரைந்தன. கூட்டம் கைதட்டியது. அடுத்த ஷோ எப்போது என்று ஒருவர் கேட்டார். நஜீஹா தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் மைக்கை நீட்டினாள். "எதையாச்சும் பேசுங்கக்கா, ப்ளீஸ்!" பையிலிருந்து கதையை எடுத்தேன். தமிழில், மொழிபெயர்ப்பு இல்லாமல், முழுவதும் வாசித்தேன். தரையெல்லாம் சேறு. ஒருவரும் நகரவில்லை.