நாலு நட்டும் ஒரு பச்சைக் கோடும்

கள்ளம் செய்வதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். அரசாங்கத்தை ஏமாற்றப் போய், தனக்கு வரவேண்டியதைத் தானே தட்டிவிட்டு வந்த ஆள் உருத்திரபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மகள் யாழினிக்கு அப்போது பத்து மாதம். காய்ச்சல் வந்து எழும்பியதில் இளைத்துப்போனாள். கிளினிக்கில் நிறை பார்த்த குடும்பநல மாது, அவளின் வளர்ச்சி அட்டையில் பச்சைக் கோட்டுக்குக் கீழே, மஞ்சளில் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த மாதமும் புள்ளி அங்கேயே நின்றால் திரிபோஷா சத்துமாவுக்குப் பெயர் பதிந்து, போசாக்கு உதவிப் பணத்துக்கான படிவத்திலும் கையெழுத்து வைத்துத் தருவதாகச் சொன்னார். வெள்ளம் எங்கள் நெல்லை அள்ளிக்கொண்டுபோன வருடம் அது. முட்டை வாங்கவே யோசிக்கவேண்டியிருந்தது. என் மனைவி செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் காதில் விழுந்தது ஒன்றுதான்: என் மகள் பெயில்.

அடுத்த கிளினிக்கன்று செல்விக்குப் பல்லுக்கொதி. பிள்ளையையும் படிவத்தையும் என்னிடம் தந்து, "கையெழுத்து வாங்காமல் வந்திடாதேங்கோ" என்றாள். நான் தலையாட்டிவிட்டு, நேரே கொட்டிலுக்குள் போய், பிள்ளையின் கம்பளிச் சட்டைப் பொக்கற்றுகளில் உழவு இயந்திரத்தின் சில்லுகளைப் பூட்டும் இரும்பு நட்டுகள் நாலை இறக்கினேன். (பிள்ளை என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பத்து மாதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.)

கிளினிக்கில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பிள்ளைக்குச் சளி என்று சமாளித்தேன். சட்டைக்கென்று கொஞ்சம் கழித்தும், புள்ளி பச்சைக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது.

"நல்ல முன்னேற்றம். இனி இது தேவைப்படாது" என்று குடும்பநல மாது படிவத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

வெளியே நீள வாங்கில் காத்திருந்த தாய்மார் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணை, ஒரு மாதத்தில என்ன குடுத்தனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது. முருங்கையிலை, நெத்தலி, குரக்கன் என்று அரை மணித்தியாலம் வகுப்பு எடுத்தேன். (இன்னொருத்தி எழுதியே எடுத்தாள்.) "காலமையில ஒரு அவிச்ச முட்டை" என்ற இடத்தில்தான் வாய் நின்றது. அன்று காலையில் என் மகள் குடித்தது வெறும் கஞ்சி. முட்டை வரவேண்டிய வழியோ லாச்சிக்குள் மடங்கிக் கிடந்தது.

பெரிய மனிதனாக வீட்டுக்குப் போகலாம். அல்லது திரும்பி உள்ளே போகலாம்.

போனேன். நட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தேன். நாலாவதை வைத்தபோது, கதவடியில் நின்று எட்டிப் பார்த்த அந்த எழுதின பெண், தாளைக் கசக்கினாள்.

குடும்பநல மாது ஒரு நட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நிறையைக் குறைச்சுக் காட்டப் பாத்த ஆக்களைக் கண்டிருக்கிறன். கூட்டிக் காட்ட வந்தது நீங்கள்தான், தம்பி."

சட்டையைக் கழற்றித் திரும்பவும் நிறை பார்த்தார். புள்ளி மஞ்சளுக்கு இறங்கியது. படிவம் லாச்சியிலிருந்து வந்தது, கையெழுத்தும் விழுந்தது. "அடுத்தமுறை தாயை அனுப்புங்கோ."

நான் வீடு வந்து சேருமுன் கதை வந்து சேர்ந்துவிட்டது. செல்வி வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு திரிபோஷா உருண்டையும் முட்டையும் தின்று, நாலு மாதத்தில் யாழினி தன் சொந்த நிறையிலேயே பச்சைக்கு ஏறினாள்.

இப்போது அவள் தரம் மூன்று படிக்கிறாள். போன தவணை கணிதத்தில் தொண்ணூற்றிரண்டு புள்ளி. அறிக்கையை என்னிடம் நீட்டிவிட்டு, பள்ளிக்கூடச் சட்டையின் பொக்கற்றை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"பாருங்கோ அப்பா. ஒண்டும் இல்லை."