நேரில் சரிபார்க்கப்பட்டது

"செவ்வாய்க்கிழமை காலையில குழந்தைங்க நீச்சல்னு போட்டிருக்கீங்களே, இங்க பூட்டு தொங்குது!" என்று போனில் ஓர் அம்மா பொரிந்து தள்ளினாள். பின்னணியில் அவளுடைய குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

அட்டவணைக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுவது அவருடைய வேலை. மனைவி மறுபடி நர்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்ததும், ஒன்றரை வயது மகன் பட்டுவைப் பார்த்துக்கொள்ள நீண்ட விடுப்பு எடுத்து வீட்டோடு இருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது, யாரைக் கேட்பது என்று திண்டாடியதில் பிறந்ததுதான் 'தளிர்நடை' என்ற இணையதளம். அக்கம்பக்கத்தில் எங்கே பாட்டு வகுப்பு, எங்கே கதை நேரம், எங்கே விளையாட்டு அறை என்று எல்லாமே நாள், நேரம், வழியோடு அதில் இருக்கும்.

"போன வாரம்தானேம்மா நான் பட்டுவோட நேர்ல வந்து பார்த்தேன்? நல்லா நடந்துச்சே!"

நல்லாத்தான் நடந்தது. பட்டு தண்ணீரில் இறங்கிய சற்று நேரத்தில் மற்ற குழந்தைகளை எல்லாம் அவசர அவசரமாகக் கரையேற்றி, குளத்து நீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டிவந்தது உண்மைதான். அந்த வயதில் அதெல்லாம் சகஜம் என்பது அப்பாவின் கட்சி.

உடனே நீச்சல் குளத்துக்குப் போன் போட்டார்.

"நேரத்தை மாத்திட்டோம் சார்," என்றாள் நீச்சல் டீச்சர்.

"எப்போ மாத்தினீங்க?"

"அது வந்து... நீங்க வந்துட்டுப் போனீங்கள்ல, அன்னைக்கே."

"புது நேரம் என்ன?"

மறுமுனையில் கிசுகிசுவென்று ஆலோசனை நடந்தது. "வியாழன் சாயங்காலம்."

தளத்தில் திருத்தினார். திருத்தினால் போதுமா? வியாழக்கிழமை பட்டுவைத் தூக்கிக்கொண்டு நேரிலும் போய்ச் சரிபார்த்தார். மறுவாரம் நீச்சல் சனிக்கிழமைக்குத் தாவிவிட்டது.

நீச்சலோடு நிற்கவில்லை இந்தத் தொல்லை. பாட்டு வகுப்பில் பட்டு மேளத்தின் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கி நின்று குதித்தான். "தாளம் தப்பாம குதிக்கிறான் பாருங்க!" என்று அப்பா பூரித்தார். மறுநாளே வகுப்பு வேறு நாளுக்குப் போயிற்று. ஓவிய வகுப்பில் டீச்சரின் கைப்பைக்குள் நீல வண்ணத்தைக் குடுவையோடு கவிழ்த்தான். நூலகத்துக் கதை நேரத்தில், முனிவர் வேடம் போட்டிருந்த கதைசொல்லியின் தாடியை ஒரே இழுப்பில் பிடுங்கி எடுத்தான். மற்ற குழந்தைகள் அலறிய அலறலில் நூலகமே எழுந்து நின்றது. அந்த வகுப்புகளும் நேரம் மாறின. அட்டவணைக்காரருக்குத் திட்டு விழுந்தபடி இருந்தது.

"ஊர்ல ஓடுற பஸ்ஸையெல்லாம் நேரத்துக்கு ஓட வெச்ச மனுஷன், நாலு டீச்சரைக் கட்டி மேய்க்க முடியலையா?" என்றாள் மனைவி.

"ஒழுங்கே இல்லாத ஜனங்கடி! இனிமே எந்த இடத்துக்கு என்னிக்கு வர்றோம்னு முன்கூட்டியே தளத்துல போட்டுட்டு, நானும் பட்டுவும் வரிசையா நேர்ல போறோம். அப்ப எப்படி மாத்துவாங்க?"

"பட்டு எதுக்கு?"

"குழந்தை இல்லாம குழந்தைங்க வகுப்பை எப்படிச் சோதிக்கிறது?"

அதற்குள் மனைவியின் போனைப் பட்டு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டான். அவள் அதை எடுக்க ஓடினாள்.

தளத்தின் உச்சியில் பட்டுவின் சிரித்த முகம் ஏறியது. அதன் கீழே, 'பட்டு நேரில் வரும் இடங்கள்'.

அன்றிலிருந்து புகார்கள் நின்றுவிட்டன. பார்வையாளர் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அன்போடு போன் செய்தார்கள்.

"சார், நாளைக்குப் பட்டு எங்க போறார்?"

"காலையில பாட்டு வகுப்பு. நீங்களும் வாங்களேன்!"

"ஐயோ, எங்களுக்கு வேற வேலை இருக்கு சார். சொன்னதுக்கு ரொம்ப நன்றி. ரொம்ப ரொம்ப நன்றி!"

"பையனுக்கு ரசிகர் கூட்டமே சேர்ந்துடுச்சு," என்று மனைவியிடம் மார்தட்டினார்.

ஆனால் அவர் போன இடமெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. பாட்டு வகுப்பின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது. தட்டினார். சத்தம் சட்டென்று நின்றது.

"உள்ள யாரும் இல்ல!" என்றது ஒரு குரல்.

"யாரும் இல்லேன்னா பேசுறது யாரு?"

சற்று யோசனைக்குப் பிறகு பதில் வந்தது. "ஒட்டடை அடிக்க வந்தவ."

விளையாட்டு அறை வாசலில் 'பெயின்ட் ஈரம்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தார். காய்ந்த பழைய பெயின்ட் பொருக்காக விரலில் உதிர்ந்தது. ஓவிய டீச்சர் அவர்களைத் தெருமுனையில் கண்டதுமே வகுப்பின் ஷட்டரைச் சரேலென்று கீழே இறக்கினாள்.

கடைசியில் எல்லா டீச்சர்களையும் நூலகத்து அறையில் கூட்டத்துக்கு அழைத்தார். அன்று மனைவிக்கு விடுமுறை. பட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவருடைய முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

அறை முழுக்கப் பெருமூச்சு. அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த ஒற்றுமையை! அவர் சொன்ன நாளுக்கெல்லாம் தலையாட்டினார்கள். நீச்சல் டீச்சர் பழைய நேரத்துக்கே திரும்பச் சம்மதித்தாள். ஓவிய டீச்சர் தன் பிஸ்கட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தாள். அட்டவணைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்லவர்களையா கரித்துக்கொட்டினோம்?

"இதுக்கு நான் கைம்மாறு செய்யணும்," என்று தழுதழுத்தார். "அடுத்த வாரத்துலேர்ந்து பட்டுவை எல்லா வகுப்புலயும் நிரந்தரமாச் சேர்த்துடறேன்!"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. நீச்சல் குளத்தில் விரிசல் என்று ஒருத்தி எழுந்தாள். எனக்குத் தொண்டை போச்சு என்று பாட்டு டீச்சர் கணீரென்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் அறை காலி. செருப்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்த கதைசொல்லி மட்டும் மிச்சம்.

அட்டவணைக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்தார். "ராப்பகலா உழைச்சு ஒரு தளம் நடத்துறேன் சார். அதுல போட்டிருக்கிறதை ஒருத்தர்கூட மதிக்கிறதில்லையே!"

கதைசொல்லிக்கு மனசு கேட்கவில்லை. அவர் தோளை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தார்.

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க? காலையில கண்ணு முழிச்சதும் ஊரே முதல்ல பார்க்கிறது உங்க தளத்தைத்தான். பட்டு எந்தப் பக்கம் வர்றான்னு தெரிஞ்சாத்தானே, நாங்க வேற பக்கம் போக முடியும்?"