தண்ணீர் ஊற்றிப் பார்த்த படகு

பிறரை நம்பி ஏமாந்தவர்களின் கதைகள் உலகில் ஏராளம். யாரையும் நம்பாமல் ஏமாந்தவனின் கதை சற்று அரிது. அதனால் இதை எழுதிவைப்பது என் சமூகக் கடமை என்றே கருதுகிறேன். (எங்கள் அக்காளிடம் கேட்டால், "அவன் எழுதாட்டாலும் ஊருக்கே தெரியும்" என்பாள்.)

சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்று நான் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருந்த சமயம் அது. எந்தச் செயலுக்கும் விளைவுகள் உண்டு, அவற்றை முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் கற்றுத்தந்திருந்தார்கள். அளவுக்கு மீறி எண்ணிப்பார்ப்பதற்கும் ஒரு விளைவு உண்டு என்பதை மட்டும் பாடத்திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

குருவிகுளம் போகும் வழியில் இருக்கிறது அக்காள் வாக்கப்பட்ட ஊர். மானாவாரி பூமி. வெகு காலத்துக்குப் பிறகு அந்த ஆண்டு அடைமழை கொட்டி, ஊர்க்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. பதினொரு குடும்பங்கள் சேர்ந்து குளத்தின் மீன்பாசி குத்தகை எடுத்து, கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டார்கள். அந்தக் குழுவுக்கு நான் செயலாளர். படித்தவன் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கூட்டத்துக்கு வராதவன் நான் ஒருவன்தான் என்பதே உண்மையான காரணம் என்று அத்தான் முருகையா பின்னாளில் சொன்னார்.

அத்தான்தான் குழுவின் முதன்மை வலைக்காரர். லாரி டியூபில் காற்றடித்து, அதன்மேல் ஒரு பலகையைக் கட்டி, அதில் உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டே குளத்தின் நடுவில் போய் வலை விரிப்பார். தை மாதத்தில் ஒருநாள், நீருக்குள் மூழ்கிக் கிடந்த கருவேல முள் டியூபைக் கிழித்துவிட்டது. வலை காலில் சுற்றிக்கொண்டது. இரண்டு பேர் நீந்திப்போய் இழுத்து வந்ததால் பிழைத்தார். கரையில் நின்று முழுவதையும் பார்த்த அக்காள் அழவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இனி போட்டு இல்லாம நீரு கொளத்துல கால வச்சீருன்னா, நான் எங்க வீட்டுக்குப் போயிருவேன், பாத்துக்கிடும்."

(அவள் சொன்ன 'போட்டு' படகு; 'எங்க வீடு' நான் குடியிருக்கும் வீடு. ஆகவே இதன் விளைவு என்னையும் சேரும்.)

பங்குனி கடைசியில் குளம் வற்றிவிடும். அதற்குள் மீனைப் பிடித்தாக வேண்டும். படகு வராவிட்டால், ஒன்று பதினொரு குடும்பத்தின் மீன் சேற்றில் சாகும். அல்லது அத்தான் யாருக்கும் தெரியாமல் மறுபடி டியூபில் ஏறுவார். அவர் ஏறுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பழைய படகு ஒன்றைப் பார்த்து, சோதித்து வாங்கும் பொறுப்பு செயலாளருக்கு வந்தது.

உவரிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் சூசை அண்ணாச்சி என்பவர் தம் பைபர் படகை விற்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் அத்தானும் போனோம். என் கையில் ஒரு குறிப்பேடு. அதில் இருபத்தேழு வினாக்கள்.

முதல் வினாவைக் கேட்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார். "தம்பி, எட்டு வருசம் ஓடுன போட்டு. வலது பக்கம் அடியில ஒரு ஒட்டு இருக்கு. பாறையில இடிச்சது, நானே ஒட்டுனேன். வேற கொறை ஒண்ணும் கெடையாது."

நான் எழுதினேன்: 'ஒரு குறையைத் தாமாகவே சொல்கிறார். ஏன்?'

படகு பளபளவென்று நீல நிறத்தில் நின்றது. "பெயிண்ட் எப்போ அடிச்சீங்க?" என்றேன்.

"போன வாரம்."

"எதுக்கு?"

"கெட்டிக் குடுக்கப்போற பிள்ளைக்கு ஒரு புதுச்சேலை எடுக்க மாட்டோமா தம்பி?"

'வினாவைத் திசைதிருப்புகிறார். பெயிண்டுக்கு அடியில் ஏதோ இருக்கிறது.'

"சந்தேகமா இருந்தா வாங்க, கடல்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவோம்" என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. 'ஆழமான இடத்துக்கு அழைக்கிறார்' என்று எழுதினேன். பிறகு அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். 'காப்பி தருகிறார்கள்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அத்தான் படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார், உள்ளங்கையால் அடியைத் தடவினார், "நல்ல சாமான் மாப்ள" என்றார். அவரது ஆய்வு முடிந்தது. முறையான ஆய்வு இனிமேல்தான் என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

அத்தானின் சொல்லுக்காகக் குழுப் பணத்தைக் கொடுத்து வாங்கிய படகு மினி லாரியில் சங்கரன்கோவிலுக்குள் நுழைந்தது. பஸ் ஸ்டாண்ட் அருகே ஒருவர், "என்னவே, கடலு இங்கனயே வரப்போவுதா?" என்று கேட்டார். நேராகக் குளத்துக்குப் போயிருக்க வேண்டிய படகை எங்கள் வீட்டை ஒட்டிய காலிமனையில் இறக்கச் சொன்னவன் நான்தான்.

"கொளத்துல எறக்கி, ராத்திரி பூரா கெட்டிப்போட்டா, காலையில உள்ள தண்ணி நிக்கா இல்லியான்னு தெரிஞ்சுட்டுப் போவுது" என்றார் அத்தான்.

"அத்தான், ஓட்டை இருக்கிற படகு தண்ணிக்குள்ள போன பெறகு ஓட்டையைக் கண்டுபிடிச்சு என்ன பிரயோசனம்? நாளைக்கு நீங்க அதுல நடுக்குளத்துல இருந்தா? அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

இந்த வாதத்தை நான் இன்றும் குறைசொல்ல மாட்டேன். இதற்கு அடுத்துச் செய்தவற்றைத்தான் நியாயப்படுத்த முடியவில்லை.

ஒரு வாரம் உப்புத்தாள் வைத்துப் பெயிண்டைச் சுரண்டினேன். சந்தேகம் தோன்றிய இடங்களை மட்டும் சுரண்டுவதாகத் திட்டம். ஏழாம் நாள் படகில் பெயிண்டே இல்லை. ஒரு கீறல்கூட அகப்படவில்லை. வேறொருவனுக்கு இது நிம்மதி தந்திருக்கும். எனக்கோ, இவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறாரே என்று சூசை அண்ணாச்சியின் மேல் அச்சம் பிறந்தது.

இங்கேதான் என் மண்ணின் புத்தி வேலை செய்தது. புதுக் குடம் வாங்கினால் எங்கள் பக்கத்தில் என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றி வைத்து, அடியில் கசிகிறதா என்று பார்ப்போம். தொட்டி கட்டினாலும் அப்படியே. ஓட்டை என்பது உள்ளிருந்து வெளியே போகும் வழி என்றுதான் தண்ணீர் அரிதான ஊர்க்காரன் அறிவான். வெளியிலிருந்து உள்ளே வரும் அளவுக்கு எங்களுக்குத் தண்ணீர் எப்போது இருந்தது?

படகை விளிம்பு வரை நிரப்புவது என்று முடிவு செய்தேன். அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்க வசதியாக, முன்பக்கம் ஓர் அடுக்கும் பின்பக்கம் ஓர் அடுக்கும் சிமெண்டுக் கல் வைத்து, அவற்றின்மேல் படகைத் தூக்கி வைக்கச் செய்தேன். நடுவில் எந்தத் தாங்கலும் கிடையாது. அடி முழுவதும் பழைய செய்தித்தாளை ஒட்டினேன். ஒரு சொட்டுக் கசிந்தாலும் தாளில் தெரியும். தண்ணீருக்கு டேங்கர் லாரி.

தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். நாலு தெருத் தண்ணீரைப் படகில் ஊற்றிச் சாக்கடைக்கு விடுவது சமூக அநீதி அல்லவா? ஆகவே ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்: 'சோதனை முடிந்ததும் இந்நீர் தெருமக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். இப்படிக்கு, செயலாளர்.' விளைவு, சோதனை தொடங்கும்போது இருபது பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். எனக்குச் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை.

எதிர்வீட்டுத் தறிக்கூடத்தில் வேலைபார்க்கும் பேச்சியக்கா நெடுநேரம் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய்யா, தண்ணிமேல போட்டு நிக்கணுமா, போட்டுமேல தண்ணி நிக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"அப்படியா? படிச்சவன் சொல்லுதான், கேட்டுக்கிடுவோம்."

தண்ணீர் ஏறியது. பாதி ஆயிற்று. தாளில் ஒரு சொட்டு ஈரமில்லை. அத்தான் அப்போதுதான் ஊரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். நின்றார். பார்த்தார்.

"மாப்ள, நடு வயிறு தொங்குது."

"அது அதோட அமைப்பு அத்தான்."

"தொங்குதுடே! நிறுத்தச் சொல்லு!"

"விளிம்பு வரைக்கும் ஊத்தினாத்தான் சோதனை பூர்த்தியாகும்."

விளிம்பை எட்டியதும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, 'கசிவு இல்லை' என்று எழுதுவதற்காக இரண்டடி விலகி நின்றேன். எழுதும் பழக்கத்தால் நான் அடைந்த ஒரே நன்மை அதுதான். தேங்காய் உடைவது போல ஒரு சத்தம், ஆனால் நூறு தேங்காய்க்கு. படகு நடுவில் மடங்கி உட்கார்ந்தது. ஒரு டேங்கர் தண்ணீரும் ஒரே மூச்சில் வெளியேறி, என்னைத் தள்ளிக்கொண்டு, தறிக்கூடத்தின் வாசலுக்குள் புகுந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. குடத்தோடு நின்ற பெண்கள் பகிர்ந்தளிப்புக்குக் காத்திராமல் தெருவில் ஓடும் தண்ணீரை அள்ளத் தொடங்கினார்கள்.

மார்பில் ஒட்டிய ஈரச் செய்தித்தாளோடு எழுந்தேன். முதலில் என் வாயிலிருந்து வந்த சொற்களை நினைத்தால் இன்றும் கூசுகிறது. விரிசலைச் சுட்டிக்காட்டி, வெற்றிக் களிப்போடு, "நான் சொன்னேன்லா! இதுல ஓட்டை இருக்கு!" என்றேன்.

அத்தான் குனிந்து விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இருக்கு மாப்ள. நீரு போட்டது."

பிறகு திரும்பி பைக்கில் ஏறினார். "எங்க போறீங்க?" என்றேன்.

"டியூப்புக்குப் பஞ்சர் ஒட்ட."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்று தொடங்கியவன், அவரை மறுபடி அதே டியூபில் ஏற்றிவிட்டேன். அக்காளுக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அவரை நான் பாத்துக்கிடுதேன். நீ போட்டப் பாரு" என்று வைத்துவிட்டாள். டியூபைக் கத்தியால் குத்தி, பஞ்சர் ஒட்ட வழியில்லாதபடி கிழித்துவிட்டாள் என்று மறுநாள் அறிந்தேன்.

சூசை அண்ணாச்சிக்கும் போன் செய்தேன். அவர் திட்டினால் பதில் சொல்ல மூன்று வாக்கியங்கள் எழுதிவைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில், ஒரு கேன் ரெசின் பசையும் ஒரு சுருள் பைபர் இழைப் பாயுமாக வந்து இறங்கினார். படகைச் சுற்றி வந்தார்.

"உள்ள எம்புட்டுத் தண்ணி ஊத்துனிய?"

"விளிம்பு வரைக்கும்."

"எதுக்கு?"

"ஒழுகுதான்னு பாக்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று பயந்தேன். தோள்கள் குலுங்கிய விதத்தில் அது வேறு என்று புரிந்தது. "தம்பி, முப்பது வருசம் கடல்ல கெடந்தவன் நான். உள்ள வார தண்ணிய வெளிய கோரி ஊத்தியே எனக்குக் கை ரெண்டும் தேஞ்சுபோச்சு. நீங்க லாரி வச்சு உள்ள ஊத்திருக்கிய!"

பிறகு குனிந்து வலது பக்கம் அடியைத் தடவினார். விரிசல் நடுவிலிருந்து ஓடிவந்து, அவர் முன்பு போட்ட ஒட்டின் விளிம்பில் நின்றிருந்தது. அந்த ஒட்டு மட்டும் அசையவே இல்லை. "நான் சொன்னது இந்த ஒட்டுதான். பாத்துக்கிடுங்க" என்றார். அவர் என்னைக் கண்டித்தது அவ்வளவே. குறிப்பேட்டின் இருபத்தேழு வினாக்களையும் நான் அன்றே கிழித்தெறிந்தேன்.

நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்கி வேலைசெய்தார். மடங்கிய இடத்தை நிமிர்த்தி, தேய்த்து, பைபர் பாயை விரித்து, ரெசின் பூசி, காய்ந்ததும் மறுபடி ஓர் அடுக்கு. நடுவில் குறுக்காக ஒரு தேக்குச் சட்டம் வைத்துப் பலப்படுத்தினார். பைபர் தூள் பட்டு எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. "சொறியாதிய, எண்ணெய் தேச்சுக் குளிங்க" என்றார். முதன்முறையாக அவர் சொன்ன ஒன்றை மறுவினா இன்றிச் செய்தேன்.

குளத்தில் இறக்கிய அன்று ஊரே கரையில் நின்றது. "மொதல்ல செயலாளர் ஏறட்டும்" என்றாள் அக்காள். நீச்சல் தெரியாத நான், தண்ணீர் வந்தால் கோரி ஊற்ற ஒரு குவளையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஒரு மணி நேரம் படகின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. அத்தான் என் பின்னால் நின்று, சிரமமே இல்லாமல், வலையை விரித்துக்கொண்டே போனார். கரையில் அக்காள் உட்கார்ந்துவிட்டாள். தை மாதத்திலிருந்து குளக்கரையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பங்குனிக்குள் மீனெல்லாம் கரையேறிவிட்டது.

படகுக்குப் பெயர் வைப்பது செயலாளரின் உரிமை என்று 'விடியல்', 'கூட்டுறவு' என்றெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். நான் முடிவெடுப்பதற்குள் அத்தான் சைன் போர்டு ஆளை அழைத்துவந்து, படகின் உட்புறம் கொட்டை எழுத்தில் எழுதவைத்துவிட்டார்: 'உள்ளே தண்ணீர் ஊற்றாதீர். இப்படிக்கு, செயலாளர்.'

இன்றும் வீட்டில் யாராவது குடை, ஹெல்மெட், செருப்பு எது வாங்கிவந்தாலும், "தண்ணி ஊத்திப் பாத்தாச்சா?" என்று கேட்காமல் உள்ளே விடுவதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் என் வருங்கால மாமனாரிடம் முதலில் சொல்லப்பட்டதும் இந்தக் கதைதான். படகைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வாசகத்தைப் படித்துவிட்டு விளக்கம் கேட்கிறார்கள். விளக்கம் சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை.

அதன்மேல் ஒரு கோட் புதுப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. ஆனால், புதுப் பெயிண்டைக் கண்டால் அடியில் என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்க்கும் ஆள் ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான்.