மாறாத விடை

ஏழு மலைகளுக்கு அப்பால் நிலைபுரம் என்றொரு நாடு. கல்லூரியில் சேரும் நாளில் சொன்னதையே வெளியேறும் நாளிலும் சொல்வதுதான் அங்கே அறிவு.

சேரும்போது எல்லோருக்கும் ஒரே கேள்வி: கீழைச் சீமை ஏன் வறண்டு கிடக்கிறது? மூன்றாண்டு கழித்து அதே கேள்வி. ஒரு சொல் மாறினாலும் பட்டம் கிடையாது.

ஆசிரியையாக விரும்பிய இளவெயினி, "அங்குள்ளவர்கள் சோம்பேறிகள்" என்று எழுதினாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

மாணவர்கள் ஊர் சுற்றி எதையெதையோ பார்ப்பதாக அரசருக்குச் செய்தி போனது. விடுதிகளைப் பூட்டச் சொன்னார். பூட்டிய அறைகளில் பேச்சு பெருகியது.

"ஏன்டி, உங்க ஊர்ல எல்லாரும் தூங்கிட்டேதான் இருப்பாங்களா?" என்று அறைத்தோழி மாசாத்தியைக் கேட்டாள் இளவெயினி. மாசாத்தி கீழைச் சீமைக்காரி.

"ஆமா. தண்ணிக்கு நாலு மைல் தூங்கிக்கிட்டேதான் நடப்போம். வாய்க்கால அரண்மனைத் தோட்டத்துக்குத் திருப்பிட்டாங்கல்ல?"

"அப்ப நீ என்னடி எழுதின?"

"சோம்பேறின்னுதான். எங்கப்பாவையும் சேர்த்து. இங்க சேர சீட்டு வேணும்ல."

அடுத்த ஆணை பேச்சைத் தடை செய்தது. அவரவர் விடையைத் தினமும் நூறு முறை எழுத வேண்டும். "எழுத எழுத மனம் உறுதிப்படும்" என்று கல்லூரியை நடத்தும் கல்விக் காவலர் அறிவித்தார்.

முதல் நாள் அந்த வாக்கியம் இளவெயினிக்கு உண்மையாகத் தெரிந்தது. பத்தாம் நாள் வெறும் எழுத்தாகத் தெரிந்தது. இருபதாம் நாள், எதிரே அதையே எழுதிக்கொண்டிருந்த மாசாத்தியின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

இறுதித் தேர்வில் இளவெயினி எழுதினாள்: "வாய்க்காலைத் திருப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தபின் எழுதுகிறேன்."

கல்விக் காவலர் அதிர்ந்தார். "மூன்றாண்டு பயின்றும் தெரியாது என்கிறாயா?"

"ஆமாங்கய்யா. தெரியாதுன்னு தெரிஞ்சுக்கவே மூணு வருஷம் ஆச்சு."

மாசாத்தியையும் சேர்த்து இன்னும் நாற்பத்தொரு பேர் தங்கள் விடையை மாற்றியிருந்தார்கள். யாருக்கும் பட்டம் இல்லை. முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி படிக்கட்டும் என்று, சேர்க்கைக்காக வந்து தங்கியிருந்த புதியவர்களின் அறைகளில், அறைக்கு ஒருவராக அவர்களை அடைத்தார்கள். புதியவர்களுக்குப் பேச்சுத் தடை இன்னும் அமலுக்கு வரவில்லை என்பதை எந்த அதிகாரியும் யோசிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சேர்க்கை நாள். கல்விக் காவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்வியை வாசித்தார். யாரும் பேனாவைத் தொடவில்லை. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள்.

"ஐயா, கீழைச் சீமைக்கு வண்டி எத்தனை மணிக்கு?"